திருகோணமலை என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்லிபூல் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே மூன்று பாய்மரங்களோடு ஒரு பழைய போர்க்கப்பல் தண்ணீரில் நிற்கிறது. பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. நான் திருமலைக்காரன். ஆகவே இந்தக் கப்பலைப் பற்றி எங்காவது பேச்சு வந்தால் கேள்விகள் நேரே என்னிடம்தான் வரும். கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

இது எங்கட திருகோணமலையின்ர பெயர்தானா, இல்ல வேற ஏதாவது ஊரா?

எங்கள் ஊரேதான். திருகோணமலை ஐரோப்பியர் வாயில் டிரிங்கோமலி ஆனது. தூத்துக்குடி டூட்டிகொரின் ஆன மாதிரி. கோணேசர் மலைக்குக் கீழே இருக்கும் அந்த இயற்கைத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கீசர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆளுக்கு ஒரு தடவையாவது அடித்துக்கொண்டார்கள்.

கப்பலுக்குப் பெயர் வந்தது ஊரிலிருந்து நேரடியாக அல்ல, ஊருக்கு வெளியே கடலில் நடந்த ஒரு சண்டையிலிருந்து. 1782 செப்டம்பர் 3 அன்று பிரெஞ்சுக் கடற்படைக்கும் ஆங்கிலேயக் கடற்படைக்கும் நடந்த திருகோணமலைச் சமர் அது.

அந்தச் சண்டையில யார் வென்றது?

இதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் நின்றது. பிறகு டச்சுக்காரரும் பிரிட்டனுக்கு எதிரியானார்கள். போர் எங்களுடைய கடலுக்கும் வந்துவிட்டது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் ஆகஸ்ட் கடைசியில் அதை அவர்களிடமிருந்து பறித்தார். மெட்ராஸிலிருந்து ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் ஓடி வந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. மறுநாள் சண்டை. ஹியூஸிடம் 12 பெரிய கப்பல்கள், சஃப்ரனிடம் 14. சஃப்ரனின் தலைமைக் கப்பலில் நடுப் பாய்மரமே முறிந்து விழுந்தது. ஆனாலும் அன்றைய சண்டையில் இரண்டு பக்கத்திலும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஹியூஸ் மெட்ராஸுக்குத் திரும்பினார், துறைமுகம் பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது. போர் முடிந்து சமாதானம் ஆனபின் அது டச்சுக்காரருக்குத் திரும்பிப் போனது. ஆங்கிலேயர் 1795-இல் மறுபடி வந்து பிடித்தார்கள்.

இந்த இருவரும் ஒன்றரை வருடத்துக்குள் ஐந்து தடவை மோதினார்கள். இடங்களைப் பாருங்கள்: சதுரங்கப்பட்டினம், திருகோணமலைக்குத் தெற்கே ஒரு கடற்பகுதி, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். முழுக்க எங்கள் கரைதான். 1783 ஜூனில் கடலூரில் மோதியபோது ஐரோப்பாவில் சமாதான உடன்பாடு கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருந்தன. செய்திதான் இன்னும் வந்து சேரவில்லை.

அப்ப துறைமுகத்தைப் பறிகொடுத்த சண்டையின் பெயரை ஏன் கப்பலுக்கு வச்சாங்க?

சென்னை நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் கப்பல் கட்ட உத்தரவு வந்த 1812-இல் திருகோணமலை பிரிட்டிஷார் கையில் பத்திரமாக இருந்தது, இந்தியப் பெருங்கடலில் அவர்களுடைய முக்கியமான கடற்படைத் தளங்களில் ஒன்று. வென்றோமா தோற்றோமா என்பதைவிட, இது எங்களுடையது என்று சொல்வதுதான் அந்தக் காலத்துப் பெயர் வைப்பின் நோக்கம் என்று நான் நினைக்கிறேன்.

இதே பெயரில் முன்னாலேயே ஒரு சிறிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் இருந்தது. 1799-இல் செங்கடலின் வாயிலில் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதும்போது அது வெடித்துச் சிதறியது. ராசியில்லாத பெயர் என்று கைவிடாமல் மறுபடியும் வைத்திருக்கிறார்கள்.

கப்பல் கட்டினது இங்கிலாந்திலயா?

இல்லை, பம்பாயில். பலரும் வாயைப் பிளக்கும் இடம் இது. கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி தலைமைக் கப்பல் கட்டுநர். அவருடைய குடும்பத்தின் முன்னோர் லோவ்ஜி நுசர்வான்ஜி 1730-களில் சூரத்திலிருந்து பம்பாய்க்குக் கப்பல் கட்டவே அழைத்துவரப்பட்டவர். அதன்பின் தலைமுறை தலைமுறையாக அந்தத் துறை வாடியாக்களின் கையில்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டினார்கள், பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்கே கட்டினார்கள்.

ஜம்ஷெட்ஜி காலத்தில் பம்பாயில் உருவான மற்றக் கப்பல்களின் கதைகளும் சாமானியமானவை அல்ல. 1813-இல் இறங்கிய கார்ன்வாலிஸ் என்ற கப்பலில்தான் 1842-இல் சீனா ஹாங்காங்கை விட்டுக்கொடுத்த நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1815-இல் இறங்கிய வெல்லஸ்லி 125 வருடம் மிதந்து, பயிற்சிக் கப்பலாகி, கடைசியில் 1940-இல் தேம்ஸ் நதியில் ஜெர்மன் விமானக் குண்டுக்கு இரையானது. நெப்போலியன் காலத்து மரக் கப்பலை ஹிட்லரின் விமானம் மூழ்கடித்தது என்றால் அந்த மரம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள்.

என்ன மரம்? ஏன் இவ்வளவு தூரம் வந்து கட்டினாங்க?

மலபார் தேக்கு. இங்கிலாந்தில் போர்க்கப்பலுக்கு வழக்கமான மரம் ஓக். நெப்போலியனோடு இருபது வருடச் சண்டையில் அவர்கள் கட்டித் தள்ளிய கப்பல்களால் நல்ல ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஒரு பெரிய கப்பலுக்கு ஆயிரக்கணக்கில் மரம் வேண்டும், ஓக் முற்ற நூறு வருடம் ஆகும். நட்டுவிட்டுக் காத்திருக்க முடியுமா?

தேக்கு இரண்டாந்தர மாற்று அல்ல. அதில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் எளிதில் உளுக்காது, பூச்சி தாக்குவதும் குறைவு. ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும், தேக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஊரில் தாத்தா காலத்துத் தேக்குக் கதவு இன்னும் நிற்கிற வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

1812-ல உத்தரவு போட்டு 1817-லதான் கப்பல் இறங்கியிருக்கு. நம்ம ஊர் கான்ட்ராக்ட் மாதிரி இழுத்தடிச்சாங்களா?

பம்பாய்க்காரர்கள் மேல் பழி போடாதீர்கள். உத்தரவு 1812 அக்டோபர் 30. வரைபடங்களை ஏற்றிக்கொண்டு ஜாவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நவம்பரில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பியது. அப்போது பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் தொடங்கியிருந்தது. டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷன் வழிமறித்து ஜாவாவை உருக்குலைத்தது. இழுத்துப் போகக்கூட முடியாத நிலையில் இருந்ததால் எரித்துவிட்டார்கள். வரைபடமும் போயிற்று.

இங்கிலாந்திலிருந்து மறுபடி நகல் வர வேண்டியிருந்தது. துறையிலோ வேறு கப்பல்கள் வரிசையில் நின்றன. இதே வகையைச் சேர்ந்த ஆம்ஃபிட்ரைட்டி 1816 ஏப்ரலில் தண்ணீரில் இறங்கியது, டிரிங்கோமலிக்கு அடிமரம் போட்டது அதே மாதம் 25-ஆம் தேதி. பார்சி வழக்கப்படி அடிமரத்தில் ஒரு வெள்ளி ஆணி அறைந்து தொடங்கினார்கள். 1817 அக்டோபர் 12 அன்று கடலில் விட்டார்கள். வேலை தொடங்கிய பின் பதினெட்டு மாதம்கூட ஆகவில்லை. செலவு ஏறத்தாழ 23,000 பவுண்ட்.

வரைபடம் இங்கிலாந்துக்காரருடையதுதானே?

தாளில் அப்படித்தான். மூலம் பிரெஞ்சு. ஹெபே என்ற பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயர் பிடித்தபோது அதன் அமைப்பு அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதை அளந்து வரைந்து, லேடா வகை என்று பெயரிட்டு, பல வருடம் அதே வார்ப்பில் கட்டினார்கள். டிரிங்கோமலி அந்த வகைதான்.

ஹெபே பிடிபட்ட தேதியைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது: 1782 செப்டம்பர் 4. திருகோணமலைச் சமருக்கு அடுத்த நாள், உலகத்தின் மறுபக்கத்தில், பிரான்சின் வடகரையில். பெயர் கொடுத்த சண்டையும் உருவம் கொடுத்த கப்பலும் ஒரு நாள் இடைவெளியில் வந்திருக்கின்றன. அன்றைக்கு யாருக்கும் அது தெரிய வழியே இல்லை.

எவ்வளவு பெரிய கப்பல்? எத்தனை பீரங்கி?

பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 46 மீட்டர், அகலம் 12 மீட்டர். இது ஃபிரிகேட் வகை. அதாவது வரிசை கட்டி மோதும் பெரிய போர்க்கப்பல் அல்ல. வேகமாக ஓடி, வேவு பார்த்து, வணிகக் கப்பல்களுக்குக் காவல் போகும் நடுத்தர வகை. முதலில் திட்டமிட்டபடி 46 பீரங்கிகள். அவற்றில் 28 முக்கியத் தளத்தில் இருந்த 18 பவுண்ட் பீரங்கிகள். அந்த எண் குண்டின் எடை, அதாவது எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல். ஆட்கள் ஏறத்தாழ 300. உள்ளே போய்ப் பார்த்தால் இத்தனை பேர் எங்கே படுத்தார்கள் என்ற கேள்விதான் முதலில் வரும். உத்தரத்தில் தொங்கிய தூளிகளில், தோளோடு தோள் உரச.

எத்தனை சண்டையில வென்றது?

ஒன்றிலும் இல்லை. பெயர் சொல்லும்படி எந்தக் கடற்போரிலும் அது மோதவில்லை. சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு இதுதான் கதையின் உயிர் என்று தோன்றுகிறது.

அடிமரம் போடும்போதே நெப்போலியன் தோற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. 1819 ஏப்ரல் 30 அன்று போர்ட்ஸ்மவுத்துக்கு வந்து சேர்ந்தபோது சண்டைக்கு ஆளே இல்லை. புதுக்கப்பலுக்கு மேலே கூரை போட்டு ஒதுக்கிக் கட்டி வைத்தார்கள். 1845-இல்தான் நினைவு வந்து, பின்புறத்தை மாற்றி, பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, ஆனால் பெரிய பீரங்கிகளாக வைத்து, 1847-இல் முதல் பணிக்கு அனுப்பினார்கள். அதற்குள் முப்பது வயது. நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டிருந்தன.

முதல் பணி வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுப் பக்கம்: அடிமை வியாபாரத் தடுப்பு ரோந்து, ஹைட்டியில் கலவரம், நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடிக் கரை. இரண்டாவது பணி 1852 முதல் 1857 வரை பசிபிக்கில். இடையில் கிரிமியப் போர் வந்தது, பசிபிக்கிலும் ரஷ்யரோடு ஒரு மோதல் நடந்தது. 1854-இல் ரஷ்யத் துறைமுகமான பெட்ரோபாவ்லோவ்ஸ்கை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தாக்கித் தோற்றார்கள். அந்தத் தாக்குதலிலும் இந்தக் கப்பல் இல்லை. சண்டைக்குப் போயிருந்தால் இன்று ஹார்ட்லிபூலில் பார்க்க எதுவும் இருந்திருக்காது. ஜாவாவுக்கு என்ன ஆனது என்று மேலே பார்த்தோமே.

நெப்போலியன் இந்தக் கப்பல்ல ஏறினாரா?

இல்லை. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. பம்பாயிலிருந்து இங்கிலாந்து போகும் வழியில் 1819 ஜனவரி 24 அன்று கப்பல் செயின்ட் ஹெலினா தீவுக்கு வந்து ஆறு நாள் நின்றது. நெப்போலியன் அப்போது அங்கே சிறை. கிளம்பும்போது அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோகோ என்ற அறுவை மருத்துவர் பயணியாக ஏறினார். ஏறியது வைத்தியர். நோயாளி தீவிலேயே இருந்தார்.

பழைய படங்கள்ல ஃபூட்ராயன்ட்னு எழுதியிருக்கு. அது நெல்சனின் கப்பலாச்சே?

நல்ல கண். ஃபூட்ராயன்ட் என்பது ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் தலைமைக் கப்பலாக வைத்திருந்த வேறொரு கப்பல். 1892-இல் கடற்படை அதை உடைப்பதற்கு விற்றது. ஜெஃப்ரி வீட்லி காப் என்ற செல்வந்தர் அதை மீட்டு வாங்கி, ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டுபோனார். 1897 ஜூனில் பிளாக்பூல் கரையில் புயலில் அது உடைந்து போயிற்று.

அதே வருடம் டிரிங்கோமலியும் விற்பனைக்கு வந்தது. பசிபிக்கிலிருந்து திரும்பியபின் அதை ரிசர்வ் கடற்படையினரின் பயிற்சிக் கப்பலாக வைத்திருந்தார்கள். முதலில் சண்டர்லாந்து, பிறகு ஹார்ட்லிபூல், பிறகு தெற்கே சவுத்தாம்ப்டன் பக்கம். ஆம், இன்று நிற்கும் அதே ஹார்ட்லிபூலில் 1860-களிலும் 70-களிலும் நின்றிருக்கிறது. 1897 மே மாதம் உடைக்கிறவர்களுக்குப் போன அதைக் காப் வாங்கி, இழந்துபோன கப்பலின் பெயரை இதற்கு வைத்தார். அந்தப் பெயரோடு ஃபால்மவுத்திலும் பிறகு போர்ட்ஸ்மவுத்திலும் 1986 வரை பிள்ளைகளுக்குக் கடல் பயிற்சி தரும் கப்பலாக இருந்தது. பெயர் மாறி வாழ்ந்ததால் யார் கண்ணும் படாமல் தப்பியது என்று சொன்னால் தப்பில்லை.

இதோடு சேர்ந்து நின்ற இம்ப்ளக்கபிள் என்ற இன்னொரு கப்பலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டிரஃபால்கர் போரில் பிரெஞ்சுப் பக்கம் இருந்து, பிறகு ஆங்கிலேயரிடம் பிடிபட்டது அது. பராமரிக்கப் பணம் இல்லையென்று 1949-இல் இரண்டு நாட்டுக் கொடியையும் பறக்கவிட்டு, வெடி வைத்து மூழ்கடித்தார்கள்.

இதுதான் உலகத்திலயே பழைய போர்க்கப்பலா?

எதைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. நெல்சன் டிரஃபால்கரில் இறந்த விக்டரி இதைவிட அரை நூற்றாண்டு பழையது, 1765-இல் இறங்கியது. ஆனால் அது 1922 முதல் தண்ணீர் இல்லாத உலர்துறையில் நிற்கிறது. இன்னும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது டிரிங்கோமலி. உலகக் கணக்கில் மிதப்பவற்றில் அதற்கு முன்னால் இருப்பது பாஸ்டனில் நிற்கும் ஓர் அமெரிக்கக் கப்பல், 1797-இல் இறங்கியது. பெயர் கான்ஸ்டிடியூஷன். ஆம், வரைபடத்தோடு ஜாவாவை எரித்த அதே கப்பல். அதே லேடா வகையில் 1824-இல் இறங்கிய தங்கைக் கப்பல் ஒன்றும் ஸ்காட்லாந்தின் டண்டீயில் நிற்கிறது, பெயர் யூனிகார்ன். அதற்குக் கடைசிவரை பாய்மரமே ஏற்றவில்லை.

இப்ப இருக்கிறது அசல் மரமா, இல்ல எல்லாம் புதுசா மாத்தினதா?

இரண்டும் கலந்தது. 1987-இல் பெரிய மிதவையில் ஏற்றி ஹார்ட்லிபூலுக்குக் கொண்டுவந்தார்கள். 1990-இல் தொடங்கிய சீரமைப்பு 2001-இல் முடிந்தது. நடுவில் 1992-இல் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. செலவு ஒரு கோடி பவுண்டுக்கு மேல். கட்டிய செலவான 23,000-ஐ நினைத்துக்கொள்ளுங்கள், காலமும் பண மதிப்பும் வேறு என்றாலும். மேல்தளம், பாய்மரங்கள், கயிறுகள் எல்லாம் புதியவை. உடலின் பெரும்பகுதி ஜம்ஷெட்ஜியின் ஆட்கள் பொருத்திய தேக்குத்தான்.

திருகோணமலைக் கடலில ஒருநாளாவது ரோந்து போயிருக்கா?

பெரியம்மா கேட்டது. இந்தியப் பெருங்கடலில் அது பணி செய்யவே இல்லை. மேலே சொன்ன இரண்டு பணியும் அட்லாண்டிக்கும் பசிபிக்கும்தான். ஆனால் பெயர் கப்பலைவிடத் தூரம் போயிருக்கிறது. கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில், டிரிங்கோமலி நீரிணை என்று ஒன்று இருக்கிறது. பசிபிக் பணியின் நினைவாக 1859-இல் வைத்த பெயர். பக்கத்திலேயே அப்போதைய கப்டன் ஹூஸ்டன் பெயரில் இன்னொரு கடல்வழி. அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் பிள்ளைகள் படகில் போகும்போது தாத்தா ஊரின் பெயரைக் கடக்கிறார்கள்.

முன்னால தலைப்பாகை கட்டிய மனுசன் சிலை இருக்கே, அது எங்கட ஆளா?

பாய்மரக் கப்பலின் மூக்கில் ஒரு சிலை வைப்பது அப்போதைய வழக்கம். இதற்குத் தலைப்பாகையும் மீசையுமாக ஒருவர். இன்னார் என்று குறிப்பிட்ட மனிதர் இல்லை, கிழக்கத்தியர் என்றால் இப்படித்தான் என்று ஐரோப்பியர் மனதில் இருந்த உருவம். முகத்தில் எங்கள் ஊர்க்காரர் யாரையும் தேட வேண்டாம். நான் தேடிப் பார்த்தாயிற்று.

அப்ப இதை எண்ணி நாங்க பெருமைப்படலாமா?

சிலர் "தமிழன் கட்டிய கப்பல்" என்றே பகிர்கிறார்கள். அது பொய். கட்டியது பார்சித் தலைவரும் பம்பாய்த் துறையின் தொழிலாளரும், மரம் மலபாரிலிருந்து. பெயர் மட்டும் எங்களுடையது, அதுவும் கேட்காமல் எடுத்தது. இன்னொரு பக்கம், இது ஆதிக்கக் கப்பல்தானே, எங்களுக்கு என்ன என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. அதுவும் பாதிதான் சரி. எங்கள் காட்டு மரத்தையும் எங்கள் பக்கத்துத் தச்சர் கையையும் வைத்து எங்களை ஆண்டவர்கள் கட்டிய பொருள் இது. பார்க்கப் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

பார்க்கப் போனால் எதைத் தவற விடக்கூடாது?

பிரிட்டிஷ் கடற்படையின் தேசிய அருங்காட்சியகம்தான் இப்போது நடத்துகிறது. பலரும் மேல்தளத்தில் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கீழே போங்கள். கீழ்த்தளங்களில் கப்பலின் விலா மரங்கள் தெரியும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். இருநூறு வருடம் தாண்டிய தேக்கு அது. உத்தரங்கள் மிகவும் தாழ்வு, குனிந்தே நடங்கள். எங்கள் மாமா மூன்று தடவை இடித்துக்கொண்டு, "ஊர்ப் பெயர் வச்ச கப்பல் என்று பார்த்தா இப்படியா" என்று தலையைத் தடவிக்கொண்டே ஏறி வந்தார்.